கூறைச்சேலையும் கட்டுக்கம்பியும்

"நீங்கள் ஆர்ட்ஸ் படிக்கிற பிள்ளையள் தானே, உங்களுக்கு என்னத்துக்கு வைண்டிங் கம்பி?"

எரிஞ்சுபோன தண்ணிப் பம்ப் மோட்டர்களுக்குத் திரும்பக் கம்பி சுத்திக் குடுக்கிற கடை அது. கேட்ட அண்ணை கேள்வியில பெரிய அக்கறை காட்டேல்லை, தராசையே பார்த்துக்கொண்டு நின்றார். நூறு கிராம் கம்பிக்கு நிறுவை சரியாக நிக்கவேணும் என்பதுதான் அவருக்கு முக்கியம். நாங்கள் நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தம். 1834இல் அமெரிக்காவில் ஒரு இரும்புக் கொல்லன் செய்த மோட்டரை வீட்டில் திரும்பச் செய்து பார்க்கப் போறம் எண்டு சொல்ல ஏனோ வெட்கமாயிருந்தது. "ஒரு புரஜெக்ட் அண்ணை" எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டம். அந்தக் கடையில் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இதில் எழுதிறம்.

தொடங்கினது ஒரு விரிவுரைக் குறிப்பில். கைத்தொழிற் புரட்சி பற்றின பாடத்தில் கண்டுபிடிப்புகளின் பட்டியல் ஒன்று வரும். ஆண்டு, பெயர், பொருள். பரீட்சைக்கு முதல் நாள் இரவு பாடமாக்கி, அடுத்த நாள் எழுதி, அதுக்கு அடுத்த நாள் மறக்கிற வகைப் பட்டியல். அதில் ஒரு வரி: 1837, தோமஸ் டாவன்போர்ட், மின் மோட்டருக்கான ஆக்கவுரிமை. எங்களில் ஒருத்திக்கு அந்த ஆளைத் தேடிப் பார்க்கவேணும் போல இருந்திருக்கு. தேடினவள் இரவு ஒரு மணிக்கு எங்கட குறூப்பில் போட்ட செய்தி இதுதான்: "இந்த மனுசன்ர மனுசி தன்ர கலியாணச் சட்டையைக் கிழிச்சுக் குடுத்திருக்கிறா. அது ஏன் எங்கட நோட்ஸில இல்லை?"

கதை இப்பிடி. டாவன்போர்ட் 1802இல் வெர்மொன்ட் மாநிலத்தில் பிறந்தவர். பெரிய பள்ளிப் படிப்பு இல்லை, பிரண்டன் என்கிற ஊரில் கொல்லுப்பட்டறை வைத்திருந்தார். பக்கத்து நியூயோர்க் மாநிலத்தில் ஒரு இரும்புச் சுரங்கத்தில் தாதுவைப் பிரித்தெடுக்க மின்காந்தம் பாவிக்கினம் எண்டு கேள்விப்பட்டு 1833இல் பார்க்கப் போனார். பேராசிரியர் ஜோசப் ஹென்றி வடிவமைத்த வகை மின்காந்தம் அது. கம்பி சுத்தின ஒரு இரும்புத் துண்டு, கைக்கு அடங்கிற சாமான், தன்னைப் போல பலமடங்கு பாரத்தைத் தூக்குது. கம்பியைக் கழற்றினால் பொத்தெண்டு விடுது. வாழ்நாள் முழுக்க இரும்பைத் தூக்கித் தூக்கியே நாரி நொந்த ஒரு கொல்லனுக்கு அது எப்பிடி இருந்திருக்கும்! இரும்பு வாங்கப் போன காசைக் குடுத்து, தமையனின்ர குதிரையையும் வண்டிலையும் மாற்றி, அந்தக் காந்தத்தை வாங்கிக்கொண்டு வீட்டை வந்தார் எண்டு சொல்லுவினம். வீட்டில் என்ன பேச்சு விழுந்திருக்கும் எண்டு ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை. எங்களால ஊகிக்க முடியும்.

வந்தவர் அதைச் சுற்றுச் சுற்றாகக் கழற்றினார். பக்கத்தில் இருந்து குறிப்பு எடுத்தவர் மனைவி எமிலி. தானே ஒன்று செய்யவேணும் எண்டால் கம்பியோடு கம்பி முட்டாமல் உறை போடவேணும். அந்தக் காலத்தில் உறை போட்ட கம்பி கடையில் விற்கிற சாமான் இல்லை. பட்டுத்தான் நல்லது, ஆனால் கொல்லன் வீட்டில் பட்டு எங்க இருக்கும்? ஒரே ஒரு இடத்தில் இருந்தது. எமிலி தன் கலியாணப் பட்டு உடுப்பைக் கீலம் கீலமாக வெட்டிக் குடுத்தார் என்பது அவர்களைப் பற்றி எழுதுகிற எல்லாரும் சொல்லுகிற கதை. 1834இல் மோட்டர் சுழன்றது. அடுத்த ஆண்டு வட்டத் தண்டவாளத்தில் ஓடுகிற சின்ன மாதிரி வண்டி ஒன்றும் செய்தார். ஆக்கவுரிமைக்கு அனுப்பின மாதிரி 1836 டிசம்பரில் வொஷிங்டன் ஆக்கவுரிமை அலுவலகத்தில் பத்தின நெருப்போட போச்சுது. திரும்பச் செய்து அனுப்பி, 1837 பெப்ரவரி 25இல் 132ஆம் இலக்க ஆக்கவுரிமையைப் பெற்றார். அதில் ஒரு பெயர்தான் இருக்கு.

முதல் மின் மோட்டர் இதுதான் எண்டு நாங்கள் சண்டை பிடிக்க வரேல்லை. 1821இலேயே லண்டனில் மைக்கல் பரடே ஒரு கம்பியைக் காந்தத்தைச் சுற்றிச் சுழலப் பண்ணிப்போட்டார். ஹங்கேரியில் யெட்லிக் 1820களின் கடைசியில் ஒன்று செய்திருக்கிறார். யாக்கோபி என்கிறவர் 1834இல் ஒன்று செய்து, 1838இல் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் நேவா ஆற்றில் மோட்டர் பூட்டின படகே விட்டவர். பரடேயின்ரதைச் செய்வம் எண்டுதான் முதல் கதைச்சம், லேசானது. ஆனால் அதுக்கு ஒரு கிண்ணம் இரசம் வேணும். பாடப்புத்தகத்தில் பாதரசத்துக்கு இரசம் எண்டுதான் பெயர், அம்மா வைக்கிற இரசம் இல்லை. ஆவியே நஞ்சு, வீட்டுக்குள்ள வைத்து விளையாடுகிற சாமான் இல்லை. அதால கொல்லனிட்ட வந்தம்.

இனிச் செய்த கதை. தச்சு வேலையோ மின் வேலையோ தெரிந்தவர் எங்களில் ஒருத்தரும் இல்லை என்பதை முதலே சொல்லிவிடுகிறோம்.

டாவன்போர்ட்டின் அமைப்பு பார்க்கச் சிலுவை மாதிரி. ஒன்றுக்குக் குறுக்கே ஒன்றாக இரண்டு இரும்புக் கைகள், கையின் இரண்டு நுனியிலும் கம்பிச் சுருள். நடுவில் அச்சு. சுற்றிவர நிலையான காந்தங்கள், ஒரு பக்கம் வடமுனை, எதிர்ப்பக்கம் தென்முனை. அச்சில் செப்புத் துண்டுகள், அதை உரஞ்சிக்கொண்டு மின்னைக் குடுக்கிற இரண்டு தகடுகள். பாடப்புத்தகத்தில் திசைமாற்றி, தூரிகை எண்டு போட்டிருக்கும். நாங்களும் சாதாரண தரத்தில் அந்தப் படத்தைக் கீறி, பெயர் குறித்து, புள்ளி வாங்கினவைதான்.

படத்தில் சிலுவை ஏன் எண்டு விளங்கேல்லை. ஒரு கை போதும்தானே, பாதி வேலை மிச்சம் எண்டு நினைச்சு ஒரு கையோட முதல் மோட்டரைச் செய்தம். கைக்கு ஆறு அங்குலக் கொங்கிறீற்று ஆணி. உடைஞ்ச ஸ்பீக்கர் இரண்டில் இருந்து வட்டக் காந்தங்கள். ஒன்றைக் கழற்றேக்க பாதியாக வெடிச்சுப் போச்சுது, திரும்ப ஒட்டினம். அச்சுக்கு சைக்கிள் ஸ்போக் கம்பி. திசைமாற்றிக்கு, பிரிட்ஜ் திருத்துகிற இடத்தில் எறிஞ்சு கிடந்த செப்புக் குழாயை நெடுக வெட்டி ஒரு தடியில் ஒட்டினம். மின்னுக்கு எமேர்ஜென்சி லைற்றின் 6 வோல்ற் பற்றரி. 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டின காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்த லைற் அது. உயர்தரத்துக்கு அதின்ர வெளிச்சத்தில் படிச்ச நாங்கள், அதின்ர வயிற்றைக் கீறிப் பற்றரியை எடுத்தம்.

கம்பியைக் குடுத்ததும் ஆணி ஒருக்காத் துடிச்சுக் காந்தத்தைப் பார்த்து நேராக நின்றுது. அவ்வளவுதான். கையால தட்டிவிட்டால் அரைச் சுற்றுப் போய்த் திரும்ப நிக்கும். மூன்று நாள் இதே கூத்து.

பிழை இரண்டு. முதலாவது, கொங்கிறீற்று ஆணி. அது பதம் ஏற்றின உருக்கு. ஒருக்காக் காந்தமானால் லேசில் குணத்தை விடாது. நாங்கள் மின்னைத் திருப்பிக் குடுத்தாலும் அது பழைய முனையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கும். மெல்லிரும்பு வேணும், மின் வர காந்தமாகி, போக மறக்கிற இரும்பு. இதைக் கண்டுபிடிச்சது எங்களில் படிப்பு விசயத்தில் கொஞ்சம் பின்னுக்கு நிக்கிறவன். வீடு கட்டுகிற இடத்தில் விடுமுறைக்கு வேலை செய்தவன் அவன். "கட்டுக்கம்பி பாவிச்சுப் பாப்பமோ? அது கையாலேயே வளையும், அவ்வளவு மெல்லிசு" எண்டான். முறுக்குக் கம்பிகளைச் சேர்த்துக் கட்டுகிற அந்தக் கறுப்புக் கம்பியை ஒரே அளவாக வெட்டி, கட்டாகச் சேர்த்து, அதுக்கு மேல வைண்டிங் கம்பியைச் சுத்தினம். அச்சொட்டாக வேலை செய்தது. சூடேற்றி ஆறவிட்ட கம்பி எண்டபடியால்தான் அது அப்பிடி வளையிறது, அதாலதான் காந்தத்தையும் மறக்குது என்பதைப் பிறகுதான் வாசிச்சம்.

இரண்டாவது பிழை, சிலுவை. ஒரு கை மட்டும் இருந்தால் அது காந்தத்துக்கு நேராக வாற இடத்தில் அதை எந்தப் பக்கமும் தள்ளுகிற விசை இல்லை. அங்க நிண்டால் நிண்டதுதான். செங்குத்தாக இன்னொரு கை இருந்தால், முதல் கை செத்து நிக்கிற இடத்தில் மற்றக் கை முழுப்பலத்தோட இழுக்கும். ஒருத்தர் சோரேக்க மற்றவர் பிடிக்கிறது. செப்புக் குழாயை இரண்டாக இல்லாமல் நாலாக வெட்டினம், எதிரெதிர்த் துண்டுகள் ஒரு கைக்கு. நுனிக்கு 150 சுற்று, மொத்தம் 600. கணக்குப் பிழைச்சு இரண்டு தடவை அவிட்டுச் சுத்தினம்.

அப்பவும் சுத்தேல்லை, நடுங்கினது. காய்ச்சல்காரன் மாதிரி. கடைசியில் தூரிகைத் தகடுகளைப் பூட்டின கட்டையை அச்சைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பார்த்தம். ஒரு இடத்தில் நடுக்கம் நிண்டுது. இன்னும் கொஞ்சம் திருப்ப, சிலுவை மெல்ல அசைஞ்சு, பிறகு தன்பாட்டில் சுத்தத் தொடங்கினது. திசைமாற்றியில் நீலப் பொறி. ஒரு மாதிரிக் கூர்மையான மணம். எண்ண முடியாத வேகம் எண்டு எழுத ஆசைதான், ஆனால் எண்ண முடிஞ்சது. நிமிசத்துக்கு 140 சுற்று. இரவு பதினொன்றரைக்கு நாங்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைச்சது.

மின் எந்தக் கணத்தில் திரும்பவேணும் என்பதுதான் மோட்டரின் முழு இரகசியமும். கை நேராக வாறதுக்கு முதல் விட்டுவிடவேணும். பாடப்புத்தகப் படத்தில் அந்தக் கணம் இல்லை, ஏனெண்டால் படம் சுத்தாது. பிளெமிங்கின் இடக்கை விதியை விரலைப் பிடிச்சுக் காட்டத் தெரிஞ்ச எங்கட பழைய வகுப்புப் பெடியன் ஒருத்தன், இப்ப பொறியியல் பீடம், வந்து பார்த்திட்டு "தூரிகையைத் திருப்பினால் இப்பிடி மாறுமெண்டு படிச்சனான், ஆனால் கண்டதில்லை" எண்டான். அவனைக் குறை சொல்ல எழுதேல்லை. அவன் படிச்சான் காணேல்லை, நாங்கள் படிக்கவும் இல்லை காணவும் இல்லை. பதினாறு வயதில் மற்ஸ், பயோ, கொமர்ஸ், ஆர்ட்ஸ் எண்டு ஆக்களைப் பிரிச்சு விட்டதில் இரண்டு பக்கமும் ஏமாந்துதான் இருக்கு.

எங்கட கோபம் இதில்தான். இந்த நாட்டில் கலைப்பீடம் எண்டால் மற்றதெல்லாம் கிடைக்காமல் போனவையின்ர இடம் எண்டு வீட்டிலயும் சொல்லுவினம், பஸ்ஸிலயும் சொல்லுவினம். நாங்களும் மெல்ல மெல்ல அதை நம்பி, ஸ்விட்ச் பழுதானாலும் "எனக்கு உது விளங்காது, நான் ஆர்ட்ஸ்" எண்டு பெருமை மாதிரிச் சொல்லப் பழகிப்போட்டம். அந்த வசனத்தை விடவேணும். பொருட்களுக்கு வரலாறு இருக்கு எண்டு நம்பினால், அந்த வரலாற்றைப் படிக்கப் பொருளைத் தொடத்தான் வேணும். ஓலைச்சுவடியைத் தொடாமல் சுவடியியல் படிக்க ஏலுமோ? எமிலியின் பட்டைப் பற்றி வாசிக்கேக்க அது ஒரு உருக்கமான துணுக்குச் செய்தி. நாங்களே ஒரு சுருளைப் பட்டில் செய்து பார்த்தபோதுதான் அது வேற மாதிரி விளங்கினது.

அதையும் சொல்லவேணும். வார்னிஷ் பூசின கம்பியில் மோட்டர் சுத்தின பிறகு, ஒரு சுருளையாவது எமிலி செய்தது போலச் செய்வம் எண்டு வெறும் செப்புக் கம்பி எடுத்தம். "அம்மா, உங்கட கூறையைத் தருவீங்களோ?" எண்டு ஒருத்தி பகிடிக்குக் கேட்டாள். "விசர்க்கதை கதையாதை, போ" எண்டு அம்மா. பிறகு தானே ஒரு பழைய பட்டு பிளவுஸை எடுத்துக்கொண்டு வந்து தந்தா. கையிடுக்கில் கிழிஞ்சது, எண்டாலும் பட்டு. அரை விரல் அகலத்தில் கீலம் வெட்டி, கம்பியின் நீளத்துக்கு விலத்தாமல் சுத்தவேணும். ஒரு மீற்றர் கம்பிக்கு எங்களுக்குப் பிடிச்ச நேரம் 25 நிமிசம். எங்கயாவது மயிரளவு இடைவெளி விட்டால் இரண்டு சுற்று முட்டும், சுருள் செத்தது. நாங்கள் ஒரு நுனிக்குத் தேவையான ஏழு மீற்றரில் மூன்றோட கைவிட்டம். எமிலி குடுத்தது துணியை மட்டும் எண்டுதான் கதையில் வரும். அந்த வெட்டையும் சுத்தையும் ஆர் செய்திருப்பினம், எத்தினை இரவு, அடுப்புக்கும் பிள்ளையளுக்கும் இடையில? கதை அதைச் சொல்லாது. ஆனால் அந்த மூன்று மீற்றருக்குப் பிறகு எங்களால 132ஆம் இலக்கத்தை ஒரு ஆளின்ர கண்டுபிடிப்பாகப் பார்க்க ஏலாது. இது பெண்ணிய வாசிப்பு எண்டு விரிவுரையில் சொன்னால் பெடியள் கொட்டாவி விடுவினம். கம்பி சுத்தின பெடியள் இரண்டு பேரும் கொட்டாவி விடேல்லை.

எதிர்வாதம் இருக்கு. "யூரியூபில ஒரு பற்றரி, ஒரு காந்தம், ஒரு துண்டுக் கம்பி வைச்சு அஞ்சு நிமிசத்தில மோட்டர் செய்யலாம், இதுக்கேன் ஆறு கிழமை?" எண்டு கேட்டவை இருக்கினம். அதையும் செய்து பார்த்தம். உடனே சுத்தும், சந்தோசமாக இருக்கும், ஒன்றும் விளங்காது. பிழைக்க இடமில்லாத மாதிரி யாரோ முதலே யோசிச்சு வைத்த பொருள் அது.

இன்னொரு எதிர்வாதம் கொஞ்சம் கனமானது. "உங்களுக்கு இது பொழுதுபோக்கு. வேலையில்லாமல் கஷ்டப்பட்டு வைண்டிங் பழகிறவனுக்கு இது வயிற்றுப்பாடு. பழசை அழகெண்டு பாக்கிறது வசதியான ஆக்களின்ர குணம்." இதுக்கு எங்களிட்ட முழுப்பதில் இல்லை. ஆனால் பழசு எங்களுக்கு அழகாக இருந்ததால் செய்யேல்லை. எங்கட அப்பா அம்மாவின் யாழ்ப்பாணத்தில் 1990களில் மின்சாரம் இல்லை, பற்றரி பொருளாதாரத் தடைப் பட்டியலில். சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைக் கையால சுத்தி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்டவை. அது மோட்டரின்ர மறுபக்கம். மின் குடுத்தால் சுத்துகிறது மோட்டர், சுத்தினால் மின் தருகிறது டைனமோ. அந்த அறிவை ஆரும் பொழுதுபோக்காப் பழகேல்லை. அதே நேரம் ஆரும் அதை அறிவெண்டு எழுதி வைக்கவும் இல்லை, "அந்தக் கஷ்ட காலம்" எண்டு ஒரு பெருமூச்சோட முடிஞ்சுபோகுது. எந்த வீட்டில ஆர் சுத்தினது, எந்தக் கம்பியை எங்க பூட்டினது எண்டு கேட்க எங்களுக்கு இவ்வளவு நாளும் கேள்வியே தெரியேல்லை. இப்ப ஓரளவு தெரியும். அப்பாவிட்டக் கேட்டால் கையால காட்டிறார்.

டாவன்போர்ட்டுக்குப் பிறகு நடந்ததையும் விடக்கூடாது, ஏனெண்டால் வெற்றிக் கதையாக முடிக்க எங்களுக்கு விருப்பமில்லை. மோட்டர் சுழன்றது, ஆனால் அதுக்குச் சாப்பாடு குடுக்க ஆளில்லை. மின்நிலையம் இல்லாத காலம். மின் வந்தது நாகமும் செம்பும் அமிலத்தில் ஊறுகிற கலங்களில் இருந்து, நாகம் கரைஞ்சு கரைஞ்சு தீர்ந்துபோகும். தன் மோட்டரால அச்சு இயந்திரம் ஓட்டி 1840இல் ஒரு பத்திரிகையும் அடிச்சுப் பார்த்தார், நிலைக்கேல்லை. அதே காலத்தில் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஜூல், சாராயவடி இல்லை, பியர் வடிக்கிற குடும்பத்துப் பெடியன், நீராவி இயந்திரத்துக்குப் பதிலாக மோட்டர் வைக்கலாமோ எண்டு அளந்து பார்த்தார். ஒரு இறாத்தல் நாகம் செய்கிற வேலை, நல்ல நீராவி இயந்திரத்தில் ஒரு இறாத்தல் நிலக்கரி செய்கிற வேலையின் கால்வாசிகூட இல்லை. நாகத்தின் விலையோ நிலக்கரியைவிட எத்தினையோ மடங்கு. கணக்கு முடிஞ்சுது. டாவன்போர்ட் கடனில் மூழ்கி 1851இல், ஐம்பது வயதும் நிறையாமல், செத்துப்போனார். அவரின் இயந்திரத்தில் பிழை இல்லை, அதைச் சுற்றியிருந்த உலகத்தில் ஒரு துண்டு இன்னும் வந்து சேரேல்லை. அந்தத் துண்டு, பெரிய டைனமோ, வர இன்னும் இருபது முப்பது ஆண்டு கிடந்தது.

நாங்கள் பற்றரி பாவிச்சது ஒரு வகையில் கள்ளவேலைதான், அவருக்குக் கிடைக்காததை அவருக்குக் குடுத்த மாதிரி. அடுத்தது பழைய ரோச் பற்றரிகளின் நாகக் கோதுகளைச் சேர்த்து, வினாகிரியில் ஊறவைச்சு, அதிலேயே இந்தச் சிலுவையைச் சுத்தப் பண்ண ஏலுமோ எண்டு பாக்கப் போறம். எங்கட மோட்டர் குடிக்கிற மின்னுக்கு அது காணாது எண்டுதான் கணக்குச் சொல்லுது. பாப்பம்.

மோட்டரைக் கொண்டுபோய் வைண்டிங் கடை அண்ணைக்குக் காட்டினம். சுத்தவிட்டுக் கன நேரம் குனிஞ்சு பார்த்தார். "உந்த பிரஷ் செப்பில வைச்சால் கெதியாத் தேயும் பிள்ளையள், காபன் போடுங்கோ" எண்டு பழைய கிறைண்டரில் கழற்றின இரண்டு காபன் துண்டைத் தந்தார், காசு வாங்கேல்லை. அது பூட்டின பிறகு பொறி குறைஞ்சு, 190 சுற்று.

எங்களிட்ட இன்னும் நாப்பது மீற்றருக்குக் கிட்ட வைண்டிங் கம்பி மிச்சம் இருக்கு. சுத்திப் பார்க்க ஆசைப்படுகிற ஆரெண்டாலும் வந்து வாங்கிக்கொண்டு போகலாம், என்ன பீடம் எண்டு கேட்கமாட்டம்.